எட்டடியில் இனிப்பான தண்ணீர்

1. பூ இன்னா பண்ணுச்சு?

நம் தரகர் சங்கத்தில் புதிதாகக் கார்டு வாங்குகிறவர்களுக்கு விதிகள் அச்சிட்ட தாள் ஒன்று கொடுப்பார்கள். வாங்கினவர் வாசலிலேயே நின்று படிப்பார். ஆறாவது விதி வரைக்கும் தலை ஆடும். ஏழாவதில் தலை நிமிரும்.

"மனை, வீடு விற்பனை நோட்டீசில் பூ, கொடி, அன்னம், மயில் முதலிய அச்சு அலங்காரம் எதுவும் வைக்கலாகாது."

போன மாதம் கார்டு வாங்கிய ஒருவர் என்னிடமே கேட்டுவிட்டார். "பொய் எழுதக் கூடாது, சரி. அப்ரூவல் இல்லாத மனைய அப்ரூவ்டுன்னு போடக் கூடாது, அதுவும் சரி. பூ இன்னாண்ணே பண்ணுச்சு? பாவம், அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்குது."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கும்போது சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று கேட்டதும், சரி, இதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. அனுபவம் எழுதுகிற வயது இல்லைதான். ஆனால் அந்தப் பூ எந்த இடத்தில் உட்கார்ந்தது என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் கொஞ்சம் பேர். என் முதலாளி அதைப் பற்றிப் பேசுவதில்லை. அச்சுக் கோத்த பாஷா பாய் கண் போய் வீட்டோடு இருக்கிறார். மிச்சம் நான்.

2. கோபுரம் தெரியும் மனை

பி.யூ.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்துவிட்டு, திருப்புட்குழியில் அப்பாவோடு வரப்பில் நிற்கப் பிடிக்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்தவன் நான். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் முதலாளி ஏகாம்பரத்தின் ஆபீஸ் இருந்தது. ஒரு மேஜை, ஒரு பெஞ்சு, சுவரில் கண்ணாடி போட்டு மாட்டிய சங்கக் கார்டு. சர்க்கார் நம் தொழிலுக்கென்று தனி லைசென்ஸ் தருவதில்லை. அதனால் சங்கம் தருகிற கார்டைத்தான் அவர் 'லைசென்ஸ்' என்பார். கோயில் படத்துக்குப் போடுகிற மாதிரி வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு முழம் பூ போடுவார்.

சேர்ந்த அன்றே பென்சிலைக் கொடுத்து, "ஒரு மனைக்கு நோட்டீஸ் எழுதுப்பா, பாக்கலாம்" என்றார். எனக்கா எழுத வராது? காலேஜ் ஆண்டு மலரில் கவிதை வந்தவன். 'மனதுக்கினிய மனை! கோபுரம் தெரியும் மனை! பஸ் ஸ்டாண்ட் அருகில்!' என்று ஒரே மூச்சில் எழுதி நீட்டினேன்.

படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கோபுரம் தெரியுமா?"

"நல்லாத் தெரியுங்க."

"காஞ்சிவரத்துல கோபுரம் தெரியாத எடம் ஒண்ணு காட்டு, நான் தொழிலையே வுட்டுட்றேன்." பென்சிலால் ஒரு கோடு அடித்தார். "அருகில்னு போட்டிருக்கியே, யாருக்கு அருகில்? சைக்கிள் வெச்சிக்கினு இருக்கற உனக்கா, இடுப்புல கொழந்தையோட நடக்கறவளுக்கா? எத்தினி பர்லாங்குன்னு போடு." இன்னொரு கோடு. "மனசுக்கு இனிக்குதான்னு வாங்கறவன் சொல்லட்டும். உனக்கு இன்னா அவசரம்?"

தாளில் கடைசியாக மிஞ்சியது 'மனை' என்ற ஒரு சொல்தான்.

சங்கத்தின் முதல் ஆறு விதிகளில் பாதிக்கு மேல் அவர் வாயிலிருந்து வந்தவை. தூரத்தைப் பர்லாங்கில் போடு. அப்ரூவல் கைக்கு வராமல் அப்ரூவ்டு என்று எழுதாதே. சுவரில் எழுதுவதானால் சுவர்க்காரரைக் கேள். நோட்டீசின் அடியில் உன் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருக்கட்டும். இப்படி. இந்த விதிகளை மற்றவர்கள் எப்படி வைத்துக்கொண்டார்களோ, அவர் பூணூல் மாதிரி வைத்துக்கொண்டார். "ஏகாம்பரம் நோட்டீசா? அப்பச் சரி" என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. வேறு யார் நோட்டீஸ் கொடுத்தாலும் அதில் சுண்டல் மடிப்பார்கள். இவர் நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் வைப்பார்கள். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெருமையாகவும் இருக்கும்.

3. மீன் பிடிக்கவா?

திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில், வேகவதி ஆற்றுப் பக்கமாக ஒரு நிலம் வந்தது. நிலத்துக்காரர் அதை மனைகளாகப் பிரித்து லேஅவுட் அப்ரூவல் வாங்கியிருந்தார். பிள்ளையார்பாளையத்து நெசவாளர்கள் வாங்குவார்கள் என்பது கணக்கு. அதுவரை முதலாளி கடைக்காரர்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும்தான் விற்றிருந்தார். தறிக்காரர்களுக்கு விற்பது அதுதான் முதல் தடவை.

நிலத்தில் ஒரு பழைய கிணறு இருந்தது. பங்குனி வெயில். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தார். எட்டடியில் தண்ணீர். வாளியில் மொண்டு குடித்தும் பார்த்தார். "இனிப்புதாம்பா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊரில் கோடையில் எட்டடியில் தண்ணீர் நிற்கிற நிலம் இருந்தால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். நோட்டீசில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்: 'எட்டடியில் இனிப்பான தண்ணீர்!' பென்சிலோடு உட்கார்ந்த முதலாளிக்கு அடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. அளந்தது எட்டடி. குடித்தது இனிப்பு. ஆச்சரியக்குறியை மட்டும் அடித்தார்.

அச்சகத்தில் பாஷா பாய் அந்த வரியை மட்டும் பெரிய எழுத்தில் கோத்தார். "படா எழுத்துல வெச்சிட்டேன் தம்பி. கண்ணாடி இல்லாம நானே படிக்கறேன், பாத்துக்க."

சைக்கிளில் கட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்குப் போனேன். தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள். ஒருவர் நோட்டீசை வாங்கி உரக்கப் படித்தார். பாவின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் சிரிப்பு ஓடியது.

"ஏன்பா, தறி நெய்யறதுக்கா, மீன் புடிக்கறதுக்கா?"

"தறியில உக்காந்துக்கினே கால் கழுவிக்கலாம்டா!"

"தறியில ஓடற நாடாவுக்குப் பதிலா ஓடம் வுடலாம்!"

எனக்கு ஒன்றும் புரியாமல் நான் சிரித்துக்கொண்டே நின்றதுதான் அவர்களுக்கு இன்னும் வேடிக்கை. ஒரு பெண் மட்டும் இரக்கப்பட்டு வாசலிலிருந்தே தன் வீட்டுத் தறியைக் காட்டினாள். பெயர் கன்னியம்மா என்பது பிறகு தெரிந்தது. தரையில் குழி. குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு அவள் புருஷன் சுப்பராயன் மிதியை மிதித்து நெய்துகொண்டிருந்தார்.

"கோடையில எட்டடின்னா ஐப்பசியில எத்தினி அடி தம்பி? கொழிக்குள்ள வந்து நிக்கும். அப்புறம் எங்க கால வெச்சி நெய்யறது?"

எங்கள் ஊரில் பெண் கொடுக்க வைக்கிற தண்ணீர், இங்கே குடித்தனத்தையே கலைக்கும். அவ்வளவுதான் விஷயம்.

4. ஒரு வரி காலி

ஒருவரும் மனை பார்க்க வரவில்லை. நிலத்துக்காரர் மாடியேறி வந்து கத்திவிட்டுப் போனார். "விக்கச் சொன்னா வெரட்டியிருக்கியே ஏகாம்பரம்!"

முதலாளி நோட்டீசை மேஜை மேல் விரித்தார். பிறகு பென்சிலை எடுத்து முதல் வரியை அடித்தார். அதற்குப் பதிலாக ஒன்றும் எழுதவில்லை.

"அடிச்சது உண்மையாச்சேங்க?" என்றேன்.

"உண்மைதான். நம்ம விதி இன்னா சொல்லுது? இல்லாதத எழுதாதன்னு சொல்லுது. இருக்கறதையெல்லாம் எழுதுன்னு சொல்லுதா?"

"இல்லீங்க."

"யாராவது தண்ணிய பத்திக் கேட்டா எட்டடின்னு சொல்லு. ஒரு அடி கூட்டாத, கொறைக்காத. கேக்காத தறிக்காரன் இருப்பானா? மனைக்கு வந்தா மொதக் கேள்வியே அதுவாத்தான் இருக்கும். சொல்லிட்டுத்தான் விப்போம்."

அவர் மனதார நம்பித்தான் சொன்னார். ஏமாற்றுகிறவர் முகம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

அச்சகத்தில் கோத்த எழுத்து கலைக்காமல் அப்படியே கட்டி வைத்திருந்தது. பாஷா பாய் அந்த ஒரு வரியை மட்டும் உருவினார். உச்சியில் பெரிய எழுத்து நின்ற இடம் பொக்கை வாய் மாதிரி ஆகிவிட்டது. "அரே, காலியா இருந்தா நல்லா இருக்காதே" என்று டிராயரைத் துழாவினார். கல்யாணப் பத்திரிகைக்கு வைக்கிற பூ பிளாக் ஒன்றை எடுத்தார். இரண்டு பக்கமும் இலை, நடுவில் விரிந்த தாமரை. கச்சிதமாக உட்கார்ந்தது. "இப்ப பாரு, மாப்ள மாதிரி இருக்குது."

நடுவில் இன்னொன்றும் நடந்தது. லேஅவுட்டில் ரோடு வருகிற இடத்தில் அந்தக் கிணறு இருந்தது. ரோடு போட அதை மூடித்தான் ஆக வேண்டும். நிலத்துக்காரர் மண்ணைக் கொட்டி மூடினார். பிளானில் உள்ளபடிதான் செய்தார்.

5. அதான் நோட்டீசுலயே இருக்குதே

பூ வைத்த நோட்டீசைக் கொடுத்த பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர்களில் சுப்பராயனும் கன்னியம்மாவும் உண்டு.

அவர்கள் இருந்தது வாடகை வீடு. வாடகை வீட்டில் தறி போட வேண்டுமானால் தரையைத் தோண்ட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். காலி செய்யும்போது குழியை மூடிப் பழையபடி தரை மெழுகிக் கொடுக்க வேண்டும். மகனுக்குக் கல்யாணம் என்று இந்த வீட்டுக்காரரும் காலி செய்யச் சொல்லியிருந்தார்.

"நாலு வீட்டுல தோண்டி நாலு வீட்டுலயும் மூடியிருக்கேன் சார்" என்றார் சுப்பராயன். அதிகம் பேசாதவர். அன்றைக்கு அவர் பேசியது இவ்வளவுதான். "இந்தத் தடவ மூடாத கொழி ஒண்ணு தோண்டணும்."

கன்னியம்மாதான் கேள்வி கேட்டாள். பாவு நீட்டத் தெரு நேராக இருக்கிறதா, நடுவில் வளைவு உண்டா என்று கேட்டாள். முதலாளி பிளானை விரித்துக் காட்டினார். தெரு விளக்குக் கேட்டாள். பள்ளிக்கூடம் எத்தனை பர்லாங் என்று கேட்டாள். பக்கத்து மனைக்காரர் யார் என்று கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் முதலாளி உள்ளதைச் சொன்னார். தண்ணீரைப் பற்றி அவள் கேட்கவில்லை.

முதலாளி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். "வேற இன்னாம்மா கேக்கணும்? எதுவானாலும் கேளு. அப்புறம் கேக்காம வுட்டுட்டமேன்னு இருக்கக் கூடாது."

"இன்னா கேக்கறது? அதான் எல்லாம் நோட்டீசுலயே இருக்குதே" என்றாள். சிரித்தாள். பையிலிருந்து மடித்த நோட்டீசை எடுத்துக் காட்டினாள்.

எட்டடி என்று பெரிய எழுத்தில் படித்துச் சிரித்த தெருவில்தான் அவளும் இருந்தாள். எனக்குப் பாடம் சொன்னவளும் அவள்தான். தெரிந்துதானே வாங்குகிறாள், மனையை மண் கொட்டி மேடாக்கிக்கொள்வாள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். முதலாளியும் அப்படித்தான் நினைத்திருப்பார். பேனாவைத் திறந்தார்.

வைகாசியில் வீடு எழும்பியது. ஒற்றை அறை, தாழ்வான ஓட்டுக் கூரை. தறிக்குழி தோண்டிய அன்று எங்கள் இருவரையும் அழைத்திருந்தார்கள். சுப்பராயன் குழிக்குள் இறங்கி நின்று, சுவர் மண்ணை உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சமன் செய்தார். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி தட்டினார். மஞ்சள், குங்குமம் வைத்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். மண் காய்ந்துதான் இருந்தது. முதலாளி குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். கொடுத்த சுண்டலைச் சாப்பிடவில்லை.

6. ஐப்பசி

அந்த வருஷம் மழை ஒன்றும் அதிகமில்லை. எப்போதும் பெய்கிற மழைதான்.

ஆபீஸில் முதலாளி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு நடை போய்ப் பாத்துட்டு வா" என்றார். எங்கே என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் போனபோது கன்னியம்மா குண்டானால் குழியிலிருந்து மொண்டு வாசலில் கொட்டிக்கொண்டிருந்தாள். கொட்டுகிற தண்ணீர் வாசலில் தேங்கி நின்றது. மொண்டதும் குழி ஆள் ஒரு மூச்சு விடுகிற நேரம் காலியாக இருக்கும். பிறகு சுவரிலிருந்து கசிந்து கசிந்து பழைய அளவுக்கு வந்துவிடும். சுப்பராயன் முழங்கால் வரை தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு நெய்துகொண்டிருந்தார். மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் சளக், சளக் என்று சத்தம். பாதம் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தது.

"கோர்வ பொடவ தம்பி, கல்யாணத்துக்குக் கேட்டது" என்றாள் கன்னியம்மா. "இத முடிச்சிட்டா போதும்னு பாக்கறாரு."

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "நீங்கதானேக்கா எனக்கே சொன்னீங்க, எட்டடின்னா கொழியில நிக்கும்னு?"

குண்டானைக் கீழே வைத்தாள்.

"மொத நோட்டீசுல எட்டடின்னு போட்டிருந்துச்சி. ரெண்டாவதுல இல்ல. ஏகாம்பரம் பொய்யப் போடமாட்டாரு, தப்பாப் போட்டிருந்தா திருத்திருவாருன்னு தெருவே சொல்லிச்சி. கெணத்தையும் மூடிட்டாங்க. தண்ணி கீழ போயிருக்கும், அதான் மூடிட்டாங்க, நோட்டீசையும் திருத்திட்டாங்கன்னு நெனச்சோம். அப்புறம் இன்னாத்த கேக்கறது?"

மழை ஓட்டின் மேல் பெய்துகொண்டிருந்தது. உள்ளே சளக், சளக்.

கேட்டால் சொல்வோம் என்று நாங்கள் காத்திருந்தோம். பதில் சொல்லியாகிவிட்டது என்று அவர்கள் கேட்காமல் இருந்தார்கள்.

அந்தப் புடவை முடியவில்லை. பட்டு கொடுத்த கடைக்காரர் ஆள் அனுப்பிப் பார்த்தார். ஈரத்தில் ஜரிகை கறுக்கும், பதில் சொல்ல முடியாது என்று பாவு நூலை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். தறியை உயரத் தூக்கிக் கட்டலாமென்றால் கூரை இடித்தது. குழிக்குள் சுற்றிலும் சிமெண்டு பூசிப் பார்த்தார்கள். தண்ணீர் வேறு வழி பார்த்துக்கொண்டு வந்தது.

7. இரண்டு நோட்டீசு

கார்த்திகையில் இரண்டு பேரும் ஆபீஸுக்கு வந்தார்கள். சுப்பராயன் காலில் துணி சுற்றியிருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கன்னியம்மா மேஜை மேல் இரண்டு நோட்டீசையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். ஒன்றில் தண்ணீர். ஒன்றில் தாமரை.

சண்டை போடுவாள் என்று நினைத்தேன். முதலாளிதான் பேசினார்.

"நான் பொய் எழுதலம்மா."

"ஆமாங்க" என்றாள். "நீங்க பொய் எழுதமாட்டீங்கன்னுதான் வாங்கினோம்."

சுவரில் கார்டு இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. பூ வாடாமல் இருந்தது. முதலாளி அந்தப் பக்கம் பார்க்காமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"வீட்ட வித்துக் குடுங்க" என்றாள். "அதுக்குத்தான் வந்தோம்."

"வித்துக் குடுக்கறேம்மா. எனக்கு ஒண்ணும் தர வேணாம்." பென்சிலை எடுத்தார். கை நின்றது. "நோட்டீசு எப்படிம்மா போடட்டும்?"

அந்தக் கேள்வி எவ்வளவு கொடுமை என்று கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்திருக்கும். தண்ணீரைப் போட்டால் தெருவில் ஒருவரும் வாங்க மாட்டார்கள். பூவைப் போட்டால் யாராவது வாங்குவார்கள். அவர்கள் தெருக்காரர் யாராவது.

கன்னியம்மா தாமரை மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. சுப்பராயன் சன்னமாக, "நாம மட்டும் ஏன்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். கீழே பட்டுக் கடையில் யாரோ விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் கன்னியம்மா விரலை முதல் நோட்டீசுக்கு நகர்த்தினாள்.

"தண்ணியப் போடுங்க" என்றாள். "கோடையில எட்டடி, மழைக்கு ரெண்டடின்னு போடுங்க. தறி போட ஒதவாதுன்னு அடியில போடுங்க."

"அப்படிப் போட்டா யாரு வாங்குவா கன்னிம்மா?" என்றார் சுப்பராயன்.

"தண்ணி வேண்டியவங்க வாங்கட்டும். தம்பி, எங்க தெருவுல குடுக்காதீங்க. உங்க ஊர் பக்கம் எடுத்துக்கினு போயிக் குடுங்க."

பாஷா பாய் கோத்து முடித்ததும் ஒரு வரி இடம் மிஞ்சியது. டிராயரைத் திறந்தார். வேண்டாம் பாய் என்றேன். என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, காலியாகவே விட்டார்.

திருப்புட்குழிப் பக்கத்தில் கொடுத்தேன். எருமை வைத்துப் பால் கறக்கிற ஒருவர் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நிரம்பி நின்ற தறிக்குழியைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "எருமைக்குத் தண்ணி காட்டத் தொட்டி கட்ற வேல மிச்சம்!" என்றார். நல்ல மனிதர்தான். சந்தோஷத்தில் சொன்னார். அவருக்குப் பின்னால் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளும் சரிங்க என்று தலையை ஆட்டினாள்.

சுப்பராயன் இப்போது இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் தறியில் கூலிக்கு நெய்கிறார். அவர் ஆசைப்பட்டபடி, மூடாமல் விட்டு வந்த குழி அது ஒன்றுதான்.

8. ஏழாவது விதி

முதலாளி சங்கத்தில் ஒரு விதி கொண்டுவந்தார். 'முதல் நோட்டீசில் இருந்த எதையும் காரணம் சொல்லாமல் அடுத்த நோட்டீசில் எடுக்கலாகாது.' எழுதிப் படித்தார். எடுத்த வரியின் இடத்தைப் பூ வைத்து நிரப்புவதும் தப்பு என்றார்.

"நோட்டீசு அடிக்கிறமா, வாக்குமூலம் குடுக்கறமா?" என்றார் ஒருவர்.

"எவன் வீட்டுல பழைய நோட்டீச வெச்சிக்கினு ஒத்துப் பாக்கப் போறான்?" என்றார் இன்னொருவர். இரண்டு நோட்டீசும் முதலாளியின் பையில் இருந்தன. அவர் எடுக்கவில்லை.

பேசிப் பேசி இழுத்தார்கள். காபி வந்தது. அவர் மனம் நோக வேண்டாம் என்று யாரோ ஒருவர், "சரி, அந்தப் பூவத்தானே அண்ணன் சொல்றாரு? பூ வேணாம்னு போட்ருவோம், வுடுங்க" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். எடுக்கக் கூடாது என்பது போய்விட்டது. பூ வைக்கக் கூடாது என்பது நின்றுவிட்டது.

முதலாளி அதற்குப் பிறகு நோட்டீசு எழுதுவதில்லை. நான்தான் எழுதுகிறேன். பென்சிலை என் பக்கம் தள்ளிவிடுவார். வெள்ளிக்கிழமைப் பூவும் நின்றுபோயிற்று.

இப்போது பூ இல்லாமலே சமாளிக்கிறார்கள். ஒரு வரியை எடுத்தால் மற்ற வரிகளைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் கோத்துவிடுகிறார்கள். இடம் நிரம்பிவிடுகிறது. விதி மீறல் இல்லை.

9. கன்னியம்மாவின் கேள்வி

கார்டு வாங்கும் பிள்ளைகளே, பூ என்ன பண்ணியது என்று கேட்டீர்களே, இதுதான் பண்ணியது. நம் நோட்டீசில் இருப்பதை மட்டும் ஜனங்கள் படிப்பதில்லை. இல்லாததையும் சேர்த்துத்தான் படிக்கிறார்கள். நம் பெயர் எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு அதை நம்புகிறார்கள். கெட்ட பெயர் எடுத்தவன் வரியை எடுத்தால் அதில் சுண்டல் மடிப்பார்கள், அவ்வளவுதான்.

போன தைக்கு ஒரு புது லேஅவுட். நல்ல மேட்டு நிலம். பிள்ளையார்பாளையத்தில் நோட்டீசு கொடுத்துக்கொண்டே போனேன். ஒரு வாசலில் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். கொடுக்காமல் போய்விடலாமா என்று சைக்கிளை மெதுவாக்கினேன். அவளே கையை நீட்டினாள்.

வாங்கினாள். படிக்கவில்லை. திருப்பிப் பார்த்தாள், வெறும் தாள். மறுபடி திருப்பினாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்கேம்பா." நோட்டீசை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். "இதுல எத எடுத்தீங்க?"

"ஒண்ணும் எடுக்கலக்கா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டீசை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் சொன்னது உண்மை. அதை நம்பும்படி சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை.

அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த விதியிலும் அது இல்லை.